பிள்ளை பிறக்கும் முன்பே டாக்டர்

வளைகாப்பு முடிவதற்குள் வீட்டில் பாதி ஏற்பாடு ஆகிவிடும். தொட்டில் கட்ட இடம் பார்த்தாகிவிடும், துவைத்து மென்மையான பழைய காட்டன் சேலைகளை எடுத்து வைத்தாகிவிடும், பெயருக்கு நாலு பேர் நாலு எழுத்து சொல்லியிருப்பார்கள். பிள்ளையை யாரிடம் காட்டுவது என்பது மட்டும் "பிறக்கட்டும், பார்ப்போம்" என்று நிற்கும். பிறந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது. தாய்க்குத் தூக்கம் இருக்காது, தகப்பனுக்கு மில்லில் ஷிப்ட் இருக்கும், ஆளுக்கொரு டாக்டர் பெயர் சொல்ல வீடு நிறைய உறவு இருக்கும்.

எனவே எட்டாம் மாதத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். பகலில் வரும் சளிக்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ டாக்டர் கிடைப்பது பெரிய காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு இருபது நாள் பிள்ளை பால் குடிக்க மறுத்தால் எங்கே போவீர்கள்? அந்த இரவை வைத்துத்தான் டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த ஊரில் தேடுவது?

நம் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் பிள்ளை அப்பா வீட்டுக்குப் போகும். பிள்ளைக்கு ஆபத்து அதிகமுள்ள முதல் மாதமும் ஆரம்பத் தவணைத் தடுப்பூசிகளும் அம்மாச்சி ஊரிலேயே கழிகின்றன. ஆகவே முதல் டாக்டரை அந்த ஊரில் தேடுங்கள்.

பிறந்த வீடு ராஜபாளையம், புகுந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் இடையில் ஏறத்தாழ 12 கி.மீ.தான், ஒரே டாக்டரை வைத்துக்கொள்ளலாம். புகுந்த வீடு திருப்பூரோ சென்னையோ என்றால் இரண்டு டாக்டர் வேண்டும். இரண்டாமவரைத் தேடும் வேலையைப் பிள்ளையின் அப்பாவிடம் விடுங்கள். அந்த மூன்று மாதத்தில் அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே.

தேர்ந்தெடுக்கும் படிகள்

1. மூன்று பெயர் சேகரியுங்கள். பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம், "பிள்ளை பிறக்கும்போது எந்தக் குழந்தை டாக்டரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். அது முதல் பெயர். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளை எங்கே போய்க் குணமானது என்று அவருக்குத் தெரியும். மூன்றாவதாக, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வைத்திருக்கும் மதினியையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கேளுங்கள். "கைராசிக்காரர்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். "ராத்திரி போன் எடுத்தாரா?" என்று கேளுங்கள்.

2. போர்டைப் படியுங்கள். எம்.டி. பீடியாட்ரிக்ஸ் என்றால் எம்.பி.பி.எஸ்.க்குப் பின் மூன்று ஆண்டு குழந்தை மருத்துவம் படித்தவர். டி.என்.பி. பீடியாட்ரிக்ஸ் அதற்குச் சமம். டி.சி.எச். என்பது இரண்டு ஆண்டு டிப்ளமோ. டி.எம். நியோநேட்டாலஜி பச்சிளங்குழந்தைகளுக்கென்றே உள்ள மேல்படிப்பு. அவர்களைப் பெரும்பாலும் மதுரை மாதிரிப் பெரிய ஊர்களில்தான் பார்க்கலாம். என்னைக் கேட்டால், ஊரிலேயே இருபது வருடம் பிள்ளை பார்த்த டி.சி.எச். டாக்டர், வாரம் ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்துபோகும் பெரிய பட்டத்தைவிட மேல். ஆனால் வெறும் எம்.பி.பி.எஸ். முடித்து "குழந்தைகள் மற்றும் பொதுநல மருத்துவர்" என்று போர்டு வைத்திருப்பவரிடம் பச்சிளங்குழந்தையை ஒப்படைக்க வேண்டாம். மருந்துச்சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

3. நேரம் விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் பணிபுரியும் டாக்டர்கள் பணி நேரம் போக மாலையில் சொந்தமாக ஓ.பி. பார்ப்பது தமிழ்நாட்டில் வழக்கம். காலையில் அவர் அரசு மருத்துவமனையில்தான் கிடைப்பார். எத்தனை மணிக்கு எங்கே, டோக்கன் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டுமா போனில் கிடைக்குமா, ஞாயிறு உண்டா, ஊரில் இல்லாவிட்டால் யாரைப் பார்க்கச் சொல்வார்: நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

4. ஒரு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுத்தவர் என்ன சொல்கிறார்? "டாக்டர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று வைத்துவிட்டால் அவர் உங்கள் பகல் டாக்டர். இரவுக்கு வேறு இடம் வேண்டும். இரவுப் பணியில் நர்ஸும் டாக்டரும் இருக்கும், பிள்ளையை அட்மிட் செய்ய வசதியுள்ள ஓர் இடத்தின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

5. வழியைப் போய்ப் பாருங்கள். வழியில் ரயில்வே கேட் உண்டா? ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோடு எப்படி இருக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் அன்று ரத வீதிப் பக்கம் வண்டி நகராது. பிரசவத் தேதி அதையொட்டி வந்தால் ஊருக்கு வெளிப்புறம் சுற்றிப்போகும் வழியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் வேண்டும். தகப்பனுக்கு நைட் ஷிப்ட் என்றால் மில் கேட்டின் எண்ணும் சேர்த்து.

6. பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். கூட்டம் குறைந்த நேரமாகக் கேட்டு டோக்கன் போடுங்கள். இப்படிக் கர்ப்பிணி வந்து பார்ப்பது நம் ஊரில் வழக்கமில்லை, சிலர் வியப்பாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை. கேட்க வேண்டியவை ஐந்துதான்:

- பிரசவத்தின்போது நீங்கள் வருவீர்களா, முன்கூட்டியே யார் உங்களுக்குச் சொல்ல வேண்டும்?
- பிள்ளையை மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைக்க, இன்குபேட்டர் பெட்டியில் வைக்க இங்கே வசதி உண்டா?
- இங்கே முடியாது என்றால் எங்கே அனுப்புவீர்கள்?
- ராத்திரி யாரைக் கூப்பிடுவது?
- தடுப்பூசியை அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டால் ஆட்சேபம் உண்டா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். "அப்படியெல்லாம் வராதும்மா" என்று சிரிப்பவரைவிட, "இத்தனை கிலோவுக்குக் கீழே என்றால் மதுரைக்கு அனுப்பிவிடுவேன்" என்று பளிச்சென்று சொல்பவரை நம்பலாம். தன் எல்லை தெரிந்த டாக்டர் காலத்தோடு அனுப்பிவைப்பார். ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 85 கி.மீ.; அங்கேதான் அரசு ராஜாஜி மருத்துவமனை. 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பெரிய அரசு இடம் கிடைத்திருக்கிறது, தூரமும் குறைவு.

7. காத்திருக்கும் ஹாலில் கண்ணைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் கை கழுவுகிறாரா, சானிடைசராவது போடுகிறாரா? பச்சிளங்குழந்தையைத் துணி கழற்றி எடை போட்டு, முந்தைய எடையோடு ஒப்பிடுகிறார்களா? கூட வந்த பாட்டியிடம் மட்டும் பேசாமல் தாயிடமும் கேட்கிறாரா? ஒரு சளிக்கு எத்தனை பாட்டில் எழுதுகிறார்? சுவரில் டின் பால் விளம்பரம் மாட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் மாவுகளை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. காரணம் சொல்லாமல் முதல் நாளே டின் பால் எழுதுவதும் அந்த வகைதான்.

பிறந்த அன்று

டாக்டர் வந்து பார்த்தாரா என்பதை நீங்களே உறுதி செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் சீட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: பிறந்த எடை, வீட்டுக்குப் போகும் நாள் எடை, பிறந்தவுடன் அழுததா, விட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஊசி. காது கேட்கிறதா என்ற சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.

முதல் வாரத்தில் பிள்ளையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. பத்து சதவீதம் வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இது தெரியாமல் "பால் பத்தல" என்று வீட்டில் கிளம்பும் பேச்சில்தான் பல தாய்மார் டின் பாலுக்குப் போகிறார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதும் என்று பொருள். வீட்டுக்குப் போன இரண்டு மூன்று நாளில் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் காமாலை கூடும் நேரம் அது.

குறைமாதப் பிள்ளையா? 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகச் சிறிய பிள்ளைக்கு இன்னும் முன்னதாக. தள்ளிப்போட்டால் பார்வை போகலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

தடுப்பூசி: அரசா, தனியாரா?

அட்டவணை பெரிய மர்மமில்லை. பிறந்தவுடன் போட்டது போக, ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று தவணை: பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா வைரஸ். நிமோனியாவுக்கான பி.சி.வி. ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் மட்டும். பிறகு ஒன்பது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லாவும் பி.சி.வி. பூஸ்டரும். இவை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். ஊசி நாள் வழக்கமாகப் புதன்கிழமை.

தனியாரில் "வலியில்லாத ஊசி" என்று ஒன்று சொல்வார்கள். அதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, விலை ஆயிரக்கணக்கில். பாதுகாப்பில் அரசு ஊசி குறைந்ததில்லை. ஒரு நாள் காய்ச்சலைத் தாங்க வீட்டில் ஆள் இருந்தால் அரசு ஊசியே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில், அரசு அட்டவணையில் இல்லாத டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, சின்னம்மை ஊசிகளைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அரசில் பாதி தனியாரில் பாதி போடுவதிலும் தவறில்லை. ஒரே அட்டையில் எல்லாம் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

*குறிப்பு:* கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணையும் தாய் சேய் அட்டையையும் பத்திரமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் பிந்தைய தவணைக்குத் தடுப்பூசிப் பதிவும் வேண்டும். தனியாரில் ஊசி போட்டால் செவிலியரிடம் காட்டி ஏற்றிக்கொள்ளுங்கள்.

*எச்சரிக்கை:* மருந்துக்கடையில் ஊசி மருந்தை வாங்கி கேரிபேக்கில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய பொருள் அது. சித்திரை வெயிலில் எளிதில் கெட்டுவிடும். டாக்டர் தன் பிரிட்ஜிலிருந்தே எடுத்துப் போட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்று என்று நினைப்பது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லியில் 120 அல்லது 125. அதாவது சொட்டு மருந்து சிரப்பைவிட நான்கு மடங்கு வீரியம். பாட்டில் மாறினால் அளவு மாற வேண்டும். டாக்டர் பிள்ளையின் எடையைப் பார்த்து எழுதுவார். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கு. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம். தடுப்பூசிக் காய்ச்சலுக்கு எவ்வளவு என்று ஊசி போடும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைக்காரரிடம் இருமல் மருந்து கேட்பது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகள் உயிரைக் குடித்த இருமல் சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு அதில் கலந்திருந்தது. சளி மருந்துக் கலவைகளில் சிலவற்றை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று 2023 இறுதியிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. அண்ணன் பிள்ளைக்கு வாங்கி மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கும் இதே கணக்கில்தான்.

மூன்று நாளில் மூன்று டாக்டர். வைரஸ் காய்ச்சல் இறங்க மூன்று நாளாவது ஆகும். இரண்டாம் நாளே வேறு டாக்டரிடம் ஓடினால் அவர் முதல் மருந்து தெரியாமல் இன்னொன்று எழுதுவார். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய சீட்டையும் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

நாக்கில் தடவுவது. தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரைமருந்து, கழுதைப்பால் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். தாய்ப்பால், அதோடு டாக்டர் எழுதும் விட்டமின் டி சொட்டு, அவ்வளவே. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பால்கோவாவைத் தாய் சாப்பிடட்டும்.

உரம் எடுப்பது. பிள்ளை விடாமல் அழுதால் "உரம் விழுந்திருக்கு, எடுத்தா சரியாப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் அப்படி அழும் பிள்ளைக்கு உள்ளே குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம். உரம் எடுக்கப் போய்வரும் அரை நாள்தான் அங்கே உயிரைக் கேட்கும். "டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து எடுப்போம்" என்று சொல்லுங்கள். இதற்கு எந்தப் பாட்டியும் மறுப்பதில்லை. குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது இவற்றுக்கு மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குடும்பத்தார் எல்லோர் போனிலும் வையுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்:

1. பால் குடிக்க மறுப்பது, அல்லது குடிக்கும் பலமே இல்லாமல் துவண்டு கிடப்பது.
2. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சுக் குழி உள்ளே இழுப்பது. ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.
3. அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். சுற்றிய துணியைத் தளர்த்திக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், இறங்காவிட்டால் கிளம்புங்கள். 100.4ஐத் தொட்டால் மறுபடி பார்க்கவே வேண்டாம். உடம்பு சில்லிட்டுப் போவதும் காய்ச்சலுக்குச் சமமான ஆபத்து.
4. கை கால் வெட்டி இழுப்பது, வலிப்பு.
5. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், அல்லது எப்போதானாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள். வெயிலில் காட்டிப் பார்ப்போம் என்று உட்காராதீர்கள்.
6. பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம்.
7. தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்.

போகும் விதமும் முக்கியம். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து மேலே துணி போர்த்துங்கள், சில்லிட்டுப் போகாது. குடிக்க முடிந்தால் வழியில் பால் கொடுங்கள். 108ஐ அழைக்கும்போது "பச்சிளங்குழந்தை, இத்தனை நாள், மூச்சு இப்படி இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனி வசதியுள்ள வண்டிகளும் அந்தச் சேவையில் உண்டு. மதுரைக்கு அனுப்புகிறார்கள் என்றால், கிளம்பும் முன் அங்கே இடம் உண்டா என்று டாக்டரையே போனில் பேசச் சொல்லுங்கள். அனுப்பும் கடிதம் கையில் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை பிள்ளைக்குச் சிகிச்சையும் வண்டியும் இலவசம். பணத்துக்காக இரவைக் கடத்த வேண்டாம்.

டாக்டரை மாற்ற வேண்டி வந்தால்

கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார், எடை போடாமலே மருந்து எழுதுகிறார், இரண்டு முறை அவசரத்துக்குக் கிடைக்கவில்லை: இந்த மூன்றில் ஒன்று போதும், மாற்றலாம். உறவுக்காரர் அறிமுகப்படுத்திய டாக்டர் என்று தயங்க வேண்டாம். கூட்டம் அதிகம், காத்திருக்க வைக்கிறார் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றைப் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், சாமான் வண்டியில் ஏற்ற வேண்டாம்: டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் அட்டை, தடுப்பூசிப் பதிவு, ஒவ்வொரு மாத எடை, பிள்ளையின் ரத்த வகை தெரிந்தால் அது, இதுவரை ஒவ்வாமை தந்த மருந்தின் பெயர், கடைசியாக எழுதிய மருந்துச்சீட்டு, அம்மாச்சி ஊர் டாக்டரின் போன் எண். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே, பிள்ளை நன்றாக இருக்கும்போதே, புது டாக்டரிடம் ஒரு டோக்கன் போட்டு ஃபைலைக் காட்டிவிடுங்கள்.